எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளி. புதுமைப் பெண் உதவித்தொகை கிடைக்குமா?

கேள்வி: கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த என் மகளை, ஊரடங்கில் ஆட்டோ ஓடாமல் வருமானம் நின்றுபோனதால், 2021இல் ஒன்பதாம் வகுப்புக்கு அரசுப் பள்ளியில் சேர்த்தேன். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குத் தமிழக அரசு புதுமைப் பெண் திட்டத்தில் தரும் மாதம் 1,000 ரூபாய், ஆறு முதல் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்ததால் கிடையாது என்கிறார் கல்லூரி எழுத்தர். கணினி மையத்தில் 2,000 ரூபாய் கொடுத்தால் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். புதுமைப் பெண் திட்டத்திற்கான விண்ணப்பம் கல்லூரி வழியாகவே பதிவேறுகிறது. பணமும் மாணவியின் வங்கிக் கணக்கிற்கே நேராக வருகிறது. இடையில் மையக்காரருக்கு வேலையே இல்லை. அவர் செய்யக்கூடியதெல்லாம், உங்கள் மகளின் ஆதார் நகலையும் கைப்பேசிக்கு வரும் கடவு எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்வதுதான். பின்னால் வம்பாக முடிவதும் அதுவே.

எழுத்தர் சொல்வது பாதி விதி. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது பொது நிபந்தனை. ஆனால் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் தகுதியுடையவர்களே. உங்கள் மகள் இதில் வருகிறாள். தனியார் பள்ளியில் படித்தாள் என்பதன்று கேள்வி, கட்டணம் கட்டும் இடத்திலா, அரசு கட்டணம் கொடுக்கும் ஒதுக்கீட்டு இடத்திலா சேர்ந்து படித்தாள் என்பதே கேள்வி. புத்தகத்துக்கும் சீருடைக்கும் வேனுக்கும் நீங்கள் பணம் கட்டியிருந்தாலும் அந்த இடம் ஒதுக்கீட்டு இடம்தான். ரசீதுகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

ஆகவே பழைய பள்ளியில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை ஒதுக்கீட்டில் படித்தாள் என்று முத்திரையுடன் சான்று எழுதி வாங்குங்கள். பதிவேடு இல்லை என்று கைவிரித்தால் நம்பாதீர்கள். அந்த இடத்திற்கான கட்டணத்தை அரசிடமிருந்து பெறுவதற்குப் பள்ளி உங்கள் மகளின் பெயரைத்தான் கொடுத்திருக்கும். அந்தப் பட்டியல் மாவட்டக் கல்வி அலுவலகத்திற்கும் போயிருக்கும். அங்கே மனு கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். பழைய பாக்கியைக் கட்டினால்தான் சான்று என்று பள்ளி சொன்னாலும் பணியாதீர்கள். பாக்கியைக் காட்டி மாற்றுச் சான்றிதழையே மிரட்டும் கருவியாக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொல்லிவிட்டது. ஆனாலும் சில அலுவலக அறைகளில் அந்தத் தீர்ப்பு இன்னும் போய்ச் சேரவில்லை.

கட்டணம் கட்டிப் படித்து, அதே ஊரடங்கில் அதே வறுமையால் ஏழாம், எட்டாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு வந்த பெண்களை இந்த விதி கண்டுகொள்வதில்லை. குடும்பம் நொடிந்தது 2020இல். விதி கேட்பதோ ஆறாம் வகுப்பில் எங்கே உட்கார்ந்திருந்தாய் என்று. அரசு உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவிகளைச் சேர்க்க 2024 டிசம்பரில் மனம் வந்தவர்களுக்கு இது மட்டும் ஏன் தோன்றவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

சான்று கைக்கு வந்ததும், எழுத்தரிடம் வாதாடாமல், கல்லூரியில் இத்திட்டத்தைக் கவனிக்கும் பொறுப்பு ஆசிரியரிடம் அதை எழுத்து மூலம் கொடுங்கள். மகளின் வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்பதை அதற்கு முன்பே வங்கியில் பார்த்துவிடுங்கள்.