பேத்தாலஜி இடம் கிடைத்தால் எடுக்கலாமா? காரைக்குடித் தாயார் ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஆச்சி அவர்களுக்கு,

உங்கள் மகள் எம்.பி.பி.எஸ். படிப்பையும் ஓராண்டுப் பயிற்சியையும் முடித்து, நீட் முதுநிலைத் தேர்வும் எழுதிவிட்டார். அவருடைய தரவரிசைக்குத் தோல் மருத்துவமோ குழந்தை மருத்துவமோ எட்டாது, பேத்தாலஜி எனப்படும் நோயியல் துறையில் எம்.டி. இடம் கிடைக்கக்கூடும், அவரும் அதற்கு மனம் ஒப்பியிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருவர் "லேப்பில் ரத்தம் எடுக்கவா இத்தனை வருஷப் படிப்பு?" என்று கேட்டதிலிருந்து உங்களுக்கும் வீட்டு ஐயாவுக்கும் உறக்கம் இல்லை என்பதும் கடிதத்தில் தெரிகிறது. இந்தக் கேள்வியை ஏற்கனவே பல பெற்றோர் என்னிடம் கேட்டிருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பந்திக் கேள்வியைத் தீர்த்துவிடலாம். ரத்தம் எடுப்பவரும் கருவிகளை இயக்குபவரும் ஆய்வக நுட்பநர்கள், இரண்டாண்டு டி.எம்.எல்.டி. பட்டயமோ அத்துறையில் பி.எஸ்சி. பட்டமோ பெற்றவர்கள். அவர்கள் இல்லாமல் எந்த மருத்துவமனையும் ஒரு நாள்கூட நடக்காது. பேத்தாலஜிஸ்ட் என்பவரோ ஐந்தரை ஆண்டு மருத்துவப் படிப்புக்கு மேல் மூன்றாண்டு எம்.டி. முடித்த சிறப்பு மருத்துவர். நோய் இன்னது என்று எழுத்தில் முடிவு சொல்லி, அதன் கீழ் பெயரெழுதிப் பொறுப்பேற்பவர் அவர்தான். இன்னொரு குழப்பமும் உண்டு. தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துவிட்டு, பிரேதப் பரிசோதனைதான் இவர்களுடைய அன்றாட வேலை என்று நினைப்போர் இருக்கிறார்கள். நம் நாட்டில் காவல்துறை வழக்கு சார்ந்த பிரேதப் பரிசோதனை தடயவியல் மருத்துவத் துறையின் பொறுப்பில் வருகிறது. நோயியல் துறைக்கு வருபவை பெரும்பாலும் உயிரோடு இருப்பவர்களின் சதையும் ரத்தமும்தான்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை நீங்கள் அறிந்துகொண்டால் பாதிக் கவலை குறையும் என்று நம்புகிறேன். காரைக்குடியில் ஒரு பெண்ணுக்கு மார்பகக் கட்டியிலிருந்து சிறு துண்டு எடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் துண்டு உடனே அதைப்போல் பத்து மடங்கு அளவுள்ள, திசுவைக் கெடாமல் காக்கும் பத்து சதவீத ஃபார்மலின் கரைசலில் போடப்பட வேண்டும். மார்பகத் திசு ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் அதில் ஊறியிருக்க வேண்டும். இல்லையென்றால், எந்த மருந்து அந்தப் புற்றுக்குப் பலிக்கும் என்று காட்டும் அடுத்தகட்டச் சோதனைகள் பொய் சொல்லக்கூடும். சனிக்கிழமை மாலை எடுத்த துண்டு, கூரியர் பையில் ஞாயிறு முழுவதும் கிடந்து, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தாண்டி மதுரைக்கோ திருச்சிக்கோ போய்ச் சேரும்போது எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும் என்று கணக்குப் பாருங்கள். பெரிய கட்டியைச் சிறிய வாய் உள்ள புட்டியில் திணித்து, கோரிக்கைப் படிவத்தில் "பயாப்சி" (சோதனைக்கு எடுத்த திசுத் துண்டு) என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் எழுதி அனுப்பும் பழக்கமும் இன்னும் ஒழியவில்லை. (நோயாளியின் வயதைக்கூட எழுதாமல் நோயைக் கேட்பது என்ன நியாயமோ தெரியவில்லை.)

ஆய்வகத்துக்கு வந்த துண்டை நோயியல் மருத்துவர் கண்ணால் பார்த்து, அளந்து, எந்த இடத்தில் வெட்டினால் உண்மை கிடைக்கும் என்று தீர்மானித்து வெட்டுகிறார். பிறகு ஆல்கஹாலும் சைலீனும் கடந்து, பாரஃபின் மெழுகில் பதிந்து, மைக்ரோடோம் என்ற கருவியில் மூன்று முதல் ஐந்து மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனமுள்ள சீவல்களாகி, ஹெமடாக்ஸிலின், ஈயோசின் சாயங்கள் ஏறி, அந்தத் திசு ஸ்லைடாக, அதாவது நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் கண்ணாடித் தகடாக, அவர் மேசைக்குத் திரும்புகிறது. அதைப் பார்த்து அவர் எழுதும் நான்கு வரிகளை நம்பித்தான் அறுவை மருத்துவர் மார்பை எடுக்கலாமா, கட்டியை மட்டும் எடுக்கலாமா என்று முடிவு செய்கிறார். புற்றுச் செல்களில் ஹெர்-2 என்ற புரதம் எவ்வளவு என்று பார்க்கும் சோதனையில் மூன்று பிளஸ், அதாவது மிகுதி, என்று அவர் எழுதினால் விலை உயர்ந்த டிராஸ்டுசுமாப் மருந்தைப் பற்றிய பேச்சு தொடங்குகிறது.

"நோயாளியின் முகத்தையே பார்க்காத டாக்டர்" என்று வருந்தியிருந்தீர்கள். அது முழு உண்மை அல்ல. கழுத்திலோ மார்பிலோ கட்டியோடு வருபவருக்கு மெல்லிய ஊசி செலுத்திச் செல்களை எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. சோதனையைப் பல மருத்துவமனைகளில் நோயியல் மருத்துவரே செய்கிறார். எலும்பு மஜ்ஜை எடுப்பதையும் சில இடங்களில் அவரே செய்வதுண்டு. அறுவை அரங்கில் நோயாளி மயக்கத்தில் கிடக்க, அனுப்பிய துண்டை உறைய வைத்துச் சீவி, ஏறத்தாழ இருபது நிமிடங்களில் "ஓரத்தில் புற்று இல்லை, மூடலாம்" என்று தொலைபேசியில் சொல்வதும் அவர் பொறுப்புதான். காய்ச்சல், ஈறில் ரத்தம் என்று இரவில் சேர்க்கப்பட்ட இளைஞர் ஒருவரின் ரத்தப் பூச்சில், முன்மைலோசைட் வகைத் தீவிர ரத்தப் புற்றின் அடையாளமான செல்களை ஒருவர் கண்டுகொண்டால், அந்த இரவே டிரெட்டினாயின் மருந்தைத் தொடங்கலாம். தாமதித்தால் உள் ரத்தக்கசிவு உயிரை வாங்கிவிடும், உடனே தொடங்கினாலோ பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். கருவி எண்ணிக்கையைக் கொடுக்கும். ஸ்லைடைக் கண்ணால் பார்த்து, வார்டுக்குத் தொலைபேசியில் அழைக்க ஒரு மருத்துவர் வேண்டும்.

இனி வேலையும் வருமானமும். ஒளிக்காமல் சொல்கிறேன்: தொடக்க ஆண்டுகளில், சொந்தக் கிளினிக் வைத்துக்கொள்ளும் பொது மருத்துவரையோ மகப்பேறு மருத்துவரையோ விட நோயியல் மருத்துவருடைய வருமானம் குறைவாகவே இருக்கும், "என் டாக்டர்" என்று தேடி வருகிற கூட்டமும் இருக்காது. அதற்கு ஈடாக நேரம் ஒழுங்காக அமையும், நள்ளிரவு அழைப்புகள் மிகக் குறைவு. பெண்கள் இத்துறையைப் பெருவாரியாக எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அதை மட்டும் காரணமாக வைத்துக்கொண்டு எடுத்தவர்கள் சலித்துப்போவதையும் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியப் பணியில் வாய்ப்பு நிலையானது. எந்த மருத்துவக் கல்லூரியும் நோயியல் துறை இல்லாமல் இயங்க முடியாது. மாணவர்களுக்கு இரண்டாம் கட்டத்தில் கற்பிக்கப்படும் முக்கியப் பாடம் அது. நம் பகுதியில் முன்பெல்லாம் மதுரையும் தஞ்சாவூரும்தான் கதி. 2012இல் சிவகங்கையிலும், 2017இல் புதுக்கோட்டையிலும், 2022இல் ராமநாதபுரம், விருதுநகர், திண்டுக்கல் ஆகிய ஊர்களிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டதால், எம்.டி.க்குப் பின் ஓராண்டு சீனியர் ரெசிடென்ட் (மூத்த உறைவிட மருத்துவர்) பணியும் முடித்தவர் ஊருக்கு அருகிலேயே உதவிப் பேராசிரியராக வர வழி இருக்கிறது. தனியார் மருத்துவமனை என்றால், ஒரே ஆள் ரத்தவியல், திசுவியல், ரத்த வங்கி என எல்லாவற்றையும் கவனிக்க நேரிடும். அதுவும் நல்ல அனுபவமே.

ஐயா சொன்னதாக நீங்கள் எழுதியிருந்த "செக்காலை ரோட்டில் சொந்தமாக ஒரு லேப் வைத்துக் கொடுத்துவிடலாம்" என்ற யோசனையைச் சற்று ஒத்திவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முதல் போடுவதும் கணக்குப் பார்ப்பதும் நம் ஊருக்குப் புதிதல்ல. ஆனால் பெரிய சங்கிலி நிறுவனங்கள் ஒவ்வொரு தெருவிலும் ரத்தம் சேகரிக்கும் மையம் திறந்திருக்கும் காலத்தில், பரிசோதனைக்கு ஆள் அனுப்பும் மருத்துவருக்குப் பங்கு கொடுக்கும் தவறான வழக்கத்துக்கு இசையாமல் புதிய லேப் ஒன்றை நிலைநிறுத்துவதற்குப் பொறுமையும் பெயரும் வேண்டும். அவை இரண்டும் பத்தாண்டு அனுபவத்துக்குப் பிறகே வரும். அதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. ஆய்வக அறிக்கையில் நோயியலில் முதுநிலைப் பட்டம் பெற்ற, பதிவு செய்த மருத்துவரே கையெழுத்திட வேண்டும் என்ற நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் உறுதிசெய்தது. அதன் பிறகு, "நீங்கள் வரவே வேண்டாம் டாக்டர், பெயரையும் ஸ்கேன் செய்த கையெழுத்தையும் மட்டும் கொடுங்கள், மாதம் இவ்வளவு தருகிறோம்" என்று இளம் எம்.டி.க்களைத் தேடி வருபவர்கள் உண்டு. தாம் பார்க்காத ஸ்லைடுக்கும் நடக்காத சோதனைக்கும் உங்கள் மகள் ஒருபோதும் பெயர் கொடுக்கக் கூடாது. வழக்கு என்று வந்தால் நிற்பது அந்தப் பெயர் மட்டும்தான். இதை நீங்களே அவரிடம் சொல்லிவையுங்கள்.

எந்தக் கல்லூரி என்பதில்தான் எனக்கு உங்களோடு கருத்து வேறுபாடு. வீட்டுக்குப் பக்கமாக இருக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நோயியல் கண்ணால் கற்கிற கல்வி. மூன்றாண்டுகளில் எவ்வளவு வகையான திசுக்கள் அவர் கண்முன் கடந்து போகின்றன என்பதே அவருடைய பின்னாள் தகுதியை நிர்ணயிக்கும். ஆகவே கல்லூரியின் பெயரைக் கேட்பதற்கு முன், அங்கே ஆண்டுக்கு எத்தனை பயாப்சி வருகிறது, புற்றுநோய் அறுவைப் பிரிவும் சிறுநீரகப் பிரிவும் இருக்கின்றனவா, இம்யூனோ ஹிஸ்டோ கெமிஸ்ட்ரி (திசுவில் குறிப்பிட்ட புரதங்களைச் சாயமேற்றிக் காட்டும் சோதனை) அங்கேயே செய்யப்படுகிறதா, மாணவரும் பேராசிரியரும் ஒரே ஸ்லைடைச் சேர்ந்து பார்க்கும் இருதலை நுண்ணோக்கி இருக்கிறதா, பேராசிரியர் அதில் நாள்தோறும் உட்காருகிறாரா என்று அங்கே இப்போது படிக்கும் இரண்டாமாண்டு மாணவர்களிடம் உங்கள் மகளை விசாரிக்கச் சொல்லுங்கள். சென்னையோ மதுரையோ வேலூரோ ஆனாலும் இந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் தரும் இடத்தை முதலில் வைக்கலாம். அரசு இடமானால் படிப்பு முடிந்த பின் பணியாற்ற வேண்டிய ஒப்பந்தக் காலத்தையும், இடையில் விட்டால் கட்ட வேண்டிய தொகையையும் அந்த ஆண்டின் தகவல் கையேட்டில் படித்துக்கொள்ளுங்கள். எம்.டி.க்கு மேலும் படிக்க விரும்பினால் ரத்தநோயியலில் டி.எம். என்ற உயர்சிறப்புப் படிப்பும், புற்றுநோயியல் சார்ந்த ஃபெலோஷிப் பயிற்சிகளும் இருக்கின்றன. நம் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் சில மாதம் பார்வையாளராக இருந்தாலே கண் திறக்கும்.

உடல்நலம் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபார்மலினின் ஆவி புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று உலக அளவில் வகைப்படுத்தப்பட்டது. திசு வெட்டும் அறையில் காற்றை வெளியே இழுக்கும் மேசை இல்லாத கல்லூரி என்றால் அதையும் கணக்கில் கொள்ளுங்கள், குறிப்பாகத் திருமணத்துக்குப் பின் கருவுற்றிருக்கும் காலத்தை எண்ணி. கழுத்தும் முதுகும் நாளடைவில் வலிக்கும். நீலத்தையும் இளஞ்சிவப்பையும் நுட்பமாகப் பிரித்தறியும் பார்வை வேண்டும் என்பதால் நிறப்பார்வைச் சோதனை ஒன்றைச் செய்துகொள்வதும் நல்லது.

"செயற்கை நுண்ணறிவு வந்து இந்த வேலையைப் பறித்துவிடும்" என்று தம்பி மகன் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். ஸ்லைடை முழுவதுமாகப் படமெடுத்துத் திரையில் பார்த்து நோயறியும் முறைக்கு 2017இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்துவிட்டது. எண்ணிக் கணக்கிடும் வேலைகள் கணினிக்குப் போகும்; சந்தேகமான ஸ்லைடில் பொறுப்பேற்பது மனிதரிடமே நிற்கும் என்பது என் கணிப்பு. சிற்றூர்த் திசுவைப் பெருநகர நிபுணர் அன்றே பார்த்துக் கருத்துச் சொல்ல முடிவதால், நம் பகுதிக்கு இது நன்மையாகவும் அமையலாம்.

இன்னொரு ஆண்டு படித்துத் தோல் மருத்துவத்துக்கு முயலட்டுமே என்ற உங்கள் எண்ணத்துக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டுத் தரவரிசை உயரும் என்பதற்கு யாரும் உறுதி சொல்ல முடியாது. முடிவெடுக்க வேண்டியவரும் உங்கள் மகள்தான். அவர் எப்படிப்பட்டவர் என்பதைத் தாயாகிய நீங்கள் அறிவீர்கள். மணிக்கணக்கில் ஓரிடத்தில் அமர்ந்து பார்க்கும் பொறுமை உள்ளவரா, "எனக்குத் தெரியவில்லை, இன்னொருவரிடம் காட்டுகிறேன்" என்று கூச்சமின்றிச் சொல்லக்கூடியவரா, பாராட்டு நேரில் வராவிட்டாலும் சோர்ந்து போகாதவரா என்று பாருங்கள். நாள் முழுதும் மனிதர்களோடு பேசிக்கொண்டிருந்தால்தான் முகம் மலரும் என்றால், தரவரிசை அனுமதித்தாலும் இத்துறை வேண்டாம் என்பேன்.

கலந்தாய்வில் கல்லூரி, துறை விருப்பப் பட்டியலை இறுதியாகப் பூட்டுவதற்கு முன், அவர் பயிற்சி முடித்த கல்லூரியிலேயே நோயியல் துறைத் தலைவரிடம் அனுமதி கேட்டு, காலை திசு வெட்டும் அறையிலும் பிற்பகல் ஸ்லைடு பார்க்கும் அறையிலுமாக மூன்று நான்கு நாள் உட்காரச் சொல்லுங்கள். தேர்வுக்காகப் படித்த பேத்தாலஜி வேறு, இது வேறு. நான்காம் நாள் மாலை அவர் என்ன சொல்கிறார் என்பதை எனக்கு எழுதுங்கள். கல்லூரிகளின் வரிசையை அதற்குப் பிறகு சேர்ந்து முடிவு செய்யலாம்.