பக்கத்துக் காம்பரா (லயன் அறை) குடும்பம் ஒரு புதுக் குழுவில் சேர்ந்து திருவிழாவுக்கும் வருவதில்லை, பிள்ளைக்கு வலிப்பு மாத்திரையும் கொடுப்பதில்லை. ‘ஏன்?’ என்று கேட்கும் 9 வயது மகளுக்கு எப்படி விளக்குவது?

இரண்டையும் முதலில் பிரித்துவிடுங்கள். திருவிழாவுக்கு வராதது அவர்கள் விருப்பம். விரும்பிய மதத்தை ஏற்கும் சுதந்திரத்தை நம் இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை எல்லோருக்கும் தருகிறது. மாத்திரையை நிறுத்தியது அப்படியல்ல. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து உயிரே போகலாம். மகளிடம் இப்படிச் சொன்னால் போதும்: “அவங்க வேற மாதிரி சாமி கும்புடுறாங்க, அதுல ஒன்னும் தப்பில்ல. மருந்து குடுக்க வேணாம்னு சொல்றதுதான் தப்பு.”

சபைகளைத் தாக்குகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம்பிக்கை விநோதமாக இருக்கிறதா என்று பார்த்தால் நாமும் தப்ப மாட்டோம். காமன் கூத்தில் எரிந்த காமனை எழுப்புகிறோம், தேயிலை பாக்டரியில் இயந்திரங்களைக் காக்கும் சாமி என்று ரோதமுனிக்குப் பூசை வைக்கிறோம். பார்க்க வேண்டியது நடத்தையை. கேள்வி கேட்டால் பதில் வருகிறதா, திட்டு வருகிறதா? விலகினால் விடுகிறார்களா, குடும்பத்துக்கே சாபம் என்று மிரட்டுகிறார்களா? காசுக்குக் கணக்கு உண்டா? “அம்மாகிட்ட சொல்லாத” என்கிறார்களா? 9 வயதுக்கு முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும் போதும்.

இதே கேள்விகளை நம் கோயிலிலும் கேட்கப் பிள்ளையை விடுங்கள். சம்பளத்தில் பிடிக்கும் கோயில் பணத்துக்குக் கணக்கு கேட்டவரை ஊரை விட்டு ஒதுக்கிவைப்பதை ‘பக்தி’ என்று சொல்பவர்கள் அடுத்தவன் சபையைப் பற்றிப் பேச வரக்கூடாது.

“பிள்ளை புடிக்கிற கூட்டம்”, “பைத்தியங்க” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இப்படிப்பட்ட குழுக்கள் அன்பாகத்தான் ஆரம்பிக்கும். வீட்டில் சாவு விழுந்த நேரம், குடிகாரக் கணவனோடு ஒரு பெண் தனியாகப் போராடும் நேரம், சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்த நேரம் பார்த்து ஆறுதலோடு வருவார்கள். பைத்தியத்தை எதிர்பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, சிரித்த முகத்தோடு வந்து பாடம் சொல்லிக்கொடுக்கும் அக்காவிடம் எச்சரிக்கை வராது. நீங்கள் சொன்னதை மகள் அப்படியே வகுப்பில் சொல்லவும் செய்வாள். கேலிக்கு ஆளான பிள்ளையை அந்தக் குடும்பம் பள்ளிக்கூடத்தை விட்டே நிறுத்திவிடும்.

1978 நவம்பர் 18 அன்று கயானாவின் ஜோன்ஸ்டவுனில் ஒரு மதக் குழுவைச் சேர்ந்த 900க்கும் மேற்பட்டோர் இறந்த கதையை 12, 13 வயதுக்கு முன் எடுக்காதீர்கள். சொல்லும்போது முழுதாகச் சொல்லுங்கள். அங்கே போனவர்கள் முட்டாள்கள் அல்லர். கறுப்பரும் வெள்ளையரும் சமமாக வாழலாம் என்று நம்பிப் போனவர்கள். காட்டுக்குள் போன பிறகு, வெளியில் இருந்த சொந்தபந்தத்தோடு சுதந்திரமாகப் பேச வழியில்லாமல் போனது. இறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள், சயனைட் கலந்த பானம் அவர்களுக்குத்தான் முதலில் கொடுக்கப்பட்டது.

அதனால்தான் பக்கத்துக் காம்பராக் கூட்டாளியோடு மகள் விளையாடுவதை நிறுத்தாதீர்கள். உள்ளே இருக்கும் பிள்ளைக்கு வெளியுலகத் தொடர்பு அதுவாக மட்டும் இருக்கலாம். உங்கள் வீட்டு வாசலில் விளையாடட்டும். வேறு எங்காவது கூப்பிட்டால் “அம்மாகிட்ட கேட்டுட்டு வாறேன்” என்று சொல்ல மகளைச் சத்தமாகச் சொல்லவைத்துப் பழக்குங்கள்.

மாத்திரை விஷயத்தை மகளின் தலையில் வைக்காதீர்கள், அது உங்கள் வேலை. முதலில் தோட்டத்து டிஸ்பென்சரியில் சொல்லுங்கள், அந்தப் பிள்ளையின் பாட்டியிடமும் பேசிப் பாருங்கள். அசையவில்லை என்றால் 1929க்கு அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். பள்ளிக்கூடத்தை நிறுத்தினாலும் இதே எண்தான். 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். வலிப்பு வந்துவிட்டால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 1990க்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள்.