வாடகை ஏறுது, சம்பளம் ஏறல: கடைத்தெருவுக்கு என்ன ஆகும்? (கேள்வி பதில்)

சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் பல வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். பொருளாதாரம் படித்தவனும்கூட. வாடகை, சம்பளம் பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள், ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சார், வாடகை கூடினால் குடியிருப்பவருக்குக் கஷ்டம், அது புரிகிறது. ஊர் வியாபாரமே ஏன் படுத்துவிடுகிறது?

ஒரு சின்னக் கணக்கு. மாதச் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை 30. சாப்பாடு, போக்குவரத்து, பிள்ளைகள் படிப்பு, மருந்து என்று தள்ளிப்போடவே முடியாத செலவு 45. மிச்சம் 25. இப்போது வாடகை 45 ஆகிறது, சம்பளம் அதே 100தான். மிச்சம் 10. வாடகை ஒன்றரை மடங்குதான் ஆனது, ஆனால் கையில் மிஞ்சியதில் ஐந்தில் மூன்று பங்கு போய்விட்டது. தையல்காரர், முடிதிருத்துபவர், மின்விசிறி பழுது பார்ப்பவர், பாத்திரக்கடைக்காரர் எல்லோரும் பிழைப்பது அந்த 25-ஐ நம்பித்தான். செருப்பு அறுந்தால் புதுசு வாங்குவதை விட்டுத் தைத்துப் போடுவார்கள், அப்புறம் தைப்பதையும் சம்பளம் வரட்டும் என்று தள்ளுவார்கள். ஒரு வீட்டில் இப்படி நடந்தால் யாருக்கும் தெரியாது, தெருவில் பாதி வீட்டில் நடந்தால் செருப்புக்கடைக்காரர் வேலைப் பையனை நிறுத்துகிறார். அந்தப் பையனும் யாருக்கோ வாடிக்கையாளர்தானே.

கேள்வி: வாடகை வாங்குகிற வீட்டுக்காரரும் அந்தப் பணத்தைச் செலவுதானே செய்வார்? பணம் எங்கே போய்விடும்?

நல்ல கேள்வி. அதே தெருவில் குடியிருந்துகொண்டு, மாடியை மட்டும் வாடகைக்கு விட்டு வாழும் பெரியவர் என்றால் நீங்கள் சொல்வது பெருமளவு சரி, அவரும் அதே கடையில்தான் வாங்குவார். ஆனால் பத்து இருபது வீடு வைத்திருப்பவர் கூடுதலாக வரும் வாடகையில் இன்னொரு சட்டையா வாங்கப்போகிறார்? சேர்ப்பார், அல்லது இன்னொரு மனை வாங்குவார், அதனால் மனை விலை இன்னும் ஏறும். கடன் வாங்கிக் கட்டிய வீடு என்றால் வாடகையில் பெரும்பகுதி வட்டியாக வெளியூருக்குப் போகிறது. வருமானம் கூடக் கூட, கூடுகிற பணத்தில் செலவாகிற பங்கு குறையும் என்று பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் 1936-லேயே எழுதினார்.

இதையும் எண்ணிலேயே பாருங்கள். ஒவ்வொருவரும் கைக்கு வருவதில் 80 சதவீதத்தை ஊருக்குள்ளேயே செலவு செய்தால், உள்ளே வந்த 100 கைமாறிக் கைமாறி மொத்தம் 500 அளவுக்கு வருமானம் உண்டாக்கும். அந்தப் பங்கு 40 சதவீதமாகக் குறைந்தால் சுமார் 167-லேயே நின்றுவிடும். வந்தது அதே 100தான், சுற்றியது மட்டும் மூன்றில் ஒரு பங்கு.

கேள்வி: நான் சின்னக் கடை வைத்திருக்கிறேன், ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். சம்பளத்தைக் கூட்டச் சொல்லி எல்லோரும் சுலபமாக எழுதிவிடுகிறீர்கள். எங்கிருந்து கொடுப்பது?

உங்கள் கோபம் நியாயமானது. உங்கள் பேரேட்டை எடுத்து, கடை வாடகைப் பக்கத்தையும் சம்பளப் பக்கத்தையும் பத்து வருடத்துக்கு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் எழுதிய கணக்குகளில் பலவற்றில் வாடகைதான் வேகமாக ஏறியிருக்கிறது, சம்பளம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நீங்களும் உங்கள் ஆட்களும் எதிரெதிர்க் கட்சி இல்லை, இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் பணத்தைக் கொண்டுபோய்க் கட்டுகிறீர்கள். உங்களால் சம்பளம் தரமுடியாமல் போவதற்கும் அவர்களுக்குச் சம்பளம் பத்தாமல் போவதற்கும் காரணம் ஒன்றே.

அதே சமயம், சம்பளம் கூட்டினாலே வேலை போய்விடும் என்பது எப்போதும் உண்மையில்லை. 1992-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கியது. பக்கத்து பென்சில்வேனியாவில் கூட்டவில்லை. இரண்டு பக்கமும் இருந்த துரித உணவகங்களை டேவிட் கார்ட், ஆலன் குரூகர் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் ஒப்பிட்டுப் பார்த்து, நியூ ஜெர்சியில் வேலைவாய்ப்பு குறையவில்லை என்று காட்டினார்கள். மறுத்தவர்களும் உண்டு, அந்த வாதம் வருடக்கணக்கில் நடந்தது. கார்டுக்கு 2021-ல் நோபல் கிடைத்தது. எவ்வளவு கூட்டினாலும் பாதிப்பு வராது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆட்கள் அடிக்கடி நின்றுபோய், புது ஆளுக்கு மறுபடி வேலை கற்றுக்கொடுக்கும் செலவையும் உங்கள் கணக்கில் சேருங்கள், அதை யாரும் எழுதி வைப்பதே இல்லை.

கேள்வி: அண்ணா, சம்பளம் கூடினால் வீட்டுக்காரர் உடனே வாடகையைக் கூட்டிவிடுவாரே? அப்புறம் என்ன லாபம்?

வீடு போதாத ஊரில் அதுதான் நடக்கும், முழுவதும் இல்லாவிட்டாலும் ஒரு பகுதி கண்டிப்பாக. மக்கள் பெருகி, மட்டமான நிலத்தையும் உழவேண்டி வரும்போது ஆதாயம் நல்ல நிலத்தின் சொந்தக்காரரிடம் போய்ச் சேர்வதை ரிக்கார்டோ என்ற பொருளாதார அறிஞர் 1817-ல் விளக்கினார். நிலத்தைப் புதிதாக உற்பத்தி செய்ய முடியாதே. ஆகவே கூலியை மட்டும் கூட்டி, வீடு கட்டும் வழியை அடைத்தே வைத்திருந்தால், கூட்டியதில் ஒரு பகுதி வாடகைக்குள் மறைந்துவிடும். இரண்டையும் சேர்த்தே செய்யவேண்டும், நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

கேள்வி: அப்படியானால் வாடகைக்கு உச்சவரம்பு போட்டுவிடலாமே?

ஏற்கெனவே குடியிருப்பவரைக் காப்பாற்றும், புதிதாக வீடு தேடுபவரைக் கைவிடும். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1994-ல் சிறிய அடுக்கு வீடுகளுக்கும் வாடகைக் கட்டுப்பாட்டை நீட்டித்தார்கள். குடியிருந்தவர்கள் அங்கேயே தங்க முடிந்தது, ஆனால் அந்தக் கட்டடங்களின் சொந்தக்காரர்கள் வாடகைக்கு விடுவதைச் சுமார் 15 சதவீதம் குறைத்துவிட்டார்கள், வீட்டை விற்றார்கள், மாற்றிக் கட்டினார்கள். வேறு வழியும் உண்டு: ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னா 1920-களிலிருந்தே நகராட்சிப் பணத்தில் வீடு கட்டிவருகிறது. இன்று அங்கே ஏறக்குறைய பாதிப் பேர் நகராட்சி வீடுகளிலோ மானியம் பெற்ற வீடுகளிலோதான் இருக்கிறார்கள். எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது, ஆனால் பலன் தெரிய ஒரு தலைமுறை ஆகும்.

கேள்வி: வருமானத்தில் 30 சதவீதத்துக்குமேல் வாடகை போகக்கூடாது என்கிறார்களே, சரியா?

அமெரிக்க அரசு வீடுகளுக்கு 1969-ல் 25 சதவீதம் என்று வைத்து, 1981-ல் 30 ஆக்கினார்கள். அங்கிருந்து பரவியதுதான். சம்பளம் அதிகம் வாங்குபவர் 40 கொடுத்தாலும் நிம்மதியாக இருப்பார், குறைவாக வாங்குபவருக்கு 30-கூட கழுத்தை நெரிக்கும். சதவீதத்தைவிட, முதல் பதிலில் சொன்ன அந்த மிச்சத்தைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் மூன்று கடை வருடக்கணக்கில் பூட்டியே கிடக்கிறது. காலியாக வைப்பதற்குக் குறைந்த வாடகைக்கு விடலாமே, ஏன் விடுவதில்லை?

கட்டடத்தின் மதிப்பை அதன் வாடகையை வைத்துத்தான் போடுகிறார்கள், அந்த மதிப்பின்மேல் கடன் வாங்கியிருப்பார்கள். ஒரு கடையைப் பாதி வாடகைக்கு விட்டால் மொத்தக் கட்டடத்தின் மதிப்பும் காகிதத்தில் இறங்கும், பக்கத்துக் கடைக்காரரும் எனக்கும் குறை என்று வந்து நிற்பார். பூட்டி வைத்தால் பழைய வாடகை காகிதத்திலாவது உயிரோடு இருக்கும். காலிக் கட்டடத்துக்கு வரி குறைவு என்றால் இன்னும் வசதி. சொந்தக்காரருக்கு அது லாபக்கணக்கு, ஆனால் பூட்டின கடையின் இருபக்கமும் ஆள் நடமாட்டம் குறையும்.

கேள்வி: கல்லூரி மாணவன், சார். எங்கள் ஊரில் இது நடக்கிறதா என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

தம்பி, பெரிய புள்ளிவிவரம் தேவையில்லை. தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, மாதத்தின் முதல் வார விற்பனையையும் கடைசி வார விற்பனையையும் ஒரு வருடத்துக்கு எழுதிவை. கடைசி வாரம் மாதத்துக்கு மாதம் மெலிந்துகொண்டே போகிறதா பார். அப்புறம் கடன் நோட்டு. முன்பு யார் எழுதச் சொன்னார்கள், இப்போது யார் சொல்கிறார்கள் என்று கேள். மாதச் சம்பளக்காரர்களின் பெயர் அதில் ஏற ஆரம்பித்திருந்தால், அதையும் வாடகை ஏறிய தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுது, சேர்ந்து கணக்குப் போடலாம்.