‘விரைவில்’ – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பழைய ஆங்கிலச் சிறுகதை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். ‘அபவுட் டு’, ‘ஆன் த வெர்ஜ்’, ‘இன் த ஆஃபிங்’ என்று வருகிற இடமெல்லாம் ‘விரைவில்’ என்றே எழுதிவிட்டேன். ஹோட்டல் பணியாள் சொல்லும் ‘பிரசென்ட்லி, சார்’ கூட ‘விரைவில் ஐயா’ ஆகிவிட்டது. படித்தால் அரசு அறிவிப்பு போல இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்,

‘விரைவில்’ எல்லாவற்றையும் முதலில் அடித்துவிடுங்கள். ‘பாலம் விரைவில் திறக்கப்படும்’ என்ற பலகை துருப்பிடிக்கும்வரை நின்ற ஊர்க்காரன் நான்.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். ‘சூன்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் ‘உடனே’ என்றே பொருள். ‘பிரசென்ட்லி’யும் தொடக்கத்தில் அப்படித்தான். சொல்கிறவர்களின் சோம்பலில் இரண்டும் ‘சற்றுப் பொறு’ ஆகிவிட்டன. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், யோவான் ஸ்நானனின் தலையை ‘பை அண்ட் பை’ கொடு என்று ஏரோதியாளின் மகள் கேட்கிறாள். இன்றைய ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர், அவசரமில்லை என்கிறாள் போலும் என்று நினைப்பார். அவள் கேட்டது அந்த நிமிடமே. தமிழ் பைபிள் ‘இப்பொழுதே’ என்று சரியாகச் சொல்கிறது.

படமாக நிற்கும் தொடர்கள் இப்படித் தேய்வதில்லை. ‘ஆஃபிங்’ என்பது கரையில் நிற்பவன் கண்ணுக்கு எட்டுகிற தொலைகடல். அங்கே கப்பல் தெரிகிறது, துறைக்கு இன்னும் வரவில்லை. ‘ஆன் த பிரிங்க்’ பள்ளத்தின் விளிம்பு. பெரும்பாலும் போரும் திவாலும்தான் அங்கே நிற்கும். கல்யாணத்துக்கு அதை எழுதினால் மாப்பிள்ளை கோபித்துக்கொள்வார்.

தமிழில் இந்த வேலையை வினையிடம் விடுங்கள். ‘கதவைத் தட்டப்போனான்.’ ‘அழுதுவிடுவாள் போலிருந்தது.’ ‘விரைவில்’ எதற்கு?

இன்னொரு வழியும் உண்டு. விரைவைக் காட்ட, வரப்போவதை நடந்து முடிந்ததாகவே சொல்லலாம் என்று தொல்காப்பியம் இடம் தருகிறது. அதற்கு அந்நூலின் உரையாசிரியர் சேனாவரையர் காட்டும் காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். சோறு தாமதமாகிறது, ஒருவன் இன்னும் ஒரு கவளம் உண்ணவில்லை. போகவேண்டிய அவசரத்தில் இருப்பவன் ‘இன்னும் உண்டிலையோ’ என்கிறான். இவன் கூசாமல் ‘உண்டேன், போந்தேன்’ என்கிறான்.

உங்கள் பணியாளுக்கும் அதையே கொடுங்கள்: “இதோ வந்துவிட்டேன் ஐயா!” காபி எப்போது வரும் என்பது நம் வாசகருக்குத் தெரியும்.

அன்புடன்.