கனடா குடியுரிமை: முகவரிப் பட்டியலில் விட்டுப்போன நாட்களை எப்படி எழுதுவது?

கேள்வி: "எங்களுக்குக் காங்கேயம் பக்கமுங்க. 2021 ஜனவரியில படிக்கறதுக்குக் கனடா வந்தேன். 2023 மே 10-ல பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கிடைச்சுது. 2026 ஏப்ரல் 15-ந்தேதி குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம்னு இருக்கேன். அஞ்சு வருசத்து முகவரியும் இடைவெளி இல்லாம எழுதோணும்கறாங்க. பிராம்ப்டன்ல ஒரு பேஸ்மெண்ட்ல 2022 அக்டோபர் கடைசி வரைக்கும் இருந்தேன், ஒப்பந்தம் ஒண்ணும் போடலை. அப்பறம் ரெண்டரை மாசம் மிசிசாகாவுல சிநேகிதன் வீட்டு ஹால்ல படுத்துக்கிட்டேன். 2023 ஜனவரி 15-ல தனி வீடு எடுத்தேன். அப்பாவுக்குக் கோயமுத்தூர்ல இருதய ஆபரேசன்னு அக்டோபர் 14-ல அந்த வீட்டைக் காலி பண்ணிட்டு ஊருக்கு வந்தேன், 2024 மார்ச் 20-ல திரும்பிட்டேன். ஏப்ரல் 3-லிருந்து கிச்சனர்ங்கற ஊர்ல இருக்கறேன். கூட வேலை செய்யறவர் 'பழைய வீட்டுத் தேதியை இழுத்துப் போட்டுரு, யாரு பாக்கப் போறாங்க'ங்கறார். அப்படிப் பண்ணலாமுங்களா?"

பதில்: பண்ண வேண்டாம். நேர்மை என்ற காரணம் ஒருபக்கம் இருக்கட்டும். உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே, மறைப்பதால் உங்களுக்கு ஒரு நாள் லாபம்கூட இல்லை என்று தெரியும்.

விண்ணப்ப நாளுக்கு முந்தைய 5 ஆண்டுகளில் 1,095 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும் என்பது சட்டம். பி.ஆர். கிடைப்பதற்கு முன் முறையான விசாவில் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் அரை நாள். அந்த வகையில் அதிகபட்சம் 365 நாட்கள்தான் சேரும். உங்களுக்கு 2021 ஏப்ரல் 15 முதல் 2023 மே 9 வரை 755 நாட்கள். பாதி 377-க்கு மேல் வந்தாலும் 365 என்றே எடுப்பார்கள். மே 10 முதல் 2026 ஏப்ரல் 14 வரை 1,071 நாட்கள். இதில் ஊருக்கு வந்த நாட்களைக் கழிக்க வேண்டும். கிளம்பிய நாளும் திரும்பி இறங்கிய நாளும் கனடாவில் இருந்த நாட்களாகவே கணக்கிடப்படும் என்பதால், அக்டோபர் 15 முதல் மார்ச் 19 வரை 157 நாட்கள் மட்டும் போகும். மீதி 914. அதோடு 365 சேர்த்தால் 1,279. வேறு வெளிநாட்டுப் பயணம் இல்லை என்றால் தேவைக்கு மேல் 184 நாட்கள் கையில் இருக்கின்றன. அப்பாவின் ஆபரேசனுக்கு வந்ததை ஒளிக்க ஒரு காரணமும் இல்லை.

இழுத்துப் போடுவதில் உள்ள ஆபத்து வேறு. வெளிநாட்டிலிருந்து நீங்கள் வந்து இறங்கிய ஒவ்வொரு முறையும் கனடா எல்லைச் சேவை நிறுவனத்தின் பதிவில் இருக்கிறது. 2020 முதல் விமானத்தில் நாட்டை விட்டுக் கிளம்புவதும் அங்கே பதிவாகிறது. அக்டோபர் 14-ல் கிளம்பியவர் மார்ச் வரை அந்தத் தனி வீட்டிலேயே குடியிருந்ததாக எழுதினால், பயணப் பட்டியலும் முகவரிப் பட்டியலும் ஒன்றோடொன்று மோதும். முகவரி இடைவெளி என்பது ஒரு விளக்கத்தில் சரியாகிற விஷயம். பொய்த் தகவல் கொடுத்ததாக முடிவானால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதோடு, 5 ஆண்டுகளுக்குக் குடியுரிமை பெற முடியாது. குடியுரிமை கிடைத்த பிறகு தெரியவந்தாலும் அதைப் பறிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இடைவெளியை அப்படியே விட்டுவிட்டு அனுப்புவதும் சரிப்படாது. அந்தப் பகுதி நிரம்பவில்லை என்றால் விண்ணப்பம் முழுமையில்லை என்று திரும்பி வரும். மாதக்கணக்கில் காத்திருந்தது வீணாகி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

படிவம் கேட்பது எதை?

பலரும் குழம்புவது இங்கேதான். உங்கள் பெயரில் லீஸ் இருந்த வீடுகளை அந்தப் பகுதி கேட்கவில்லை. நீங்கள் வசித்த இடங்களைக் கேட்கிறது. சிநேகிதன் வீட்டு ஹால் சோபாவும் வசித்த இடம்தான். வாடகை கொடுத்தீர்களா, ஒப்பந்தம் இருந்ததா, அந்த பேஸ்மெண்டுக்கு நகராட்சி அனுமதி உண்டா என்பவையெல்லாம் இந்தக் கேள்விக்குள் வரவே இல்லை. கடிதங்கள் வருவதற்காக வேறொருவர் முகவரியைக் கொடுத்திருந்தால் அது தபால் முகவரி, அதை இங்கே எழுதாதீர்கள். இரவு எங்கே படுத்து எழுந்தீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

வீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பொங்கலுக்கு மூன்று வாரம் ஊருக்கு வந்து போனால் முகவரி மாறாது. அது பயணப் பட்டியலுக்கு மட்டும் போகும். நீங்கள் வீட்டையே காலி செய்துவிட்டு வந்ததால், காங்கேயம் வீடு பயணக் கணக்கிலும் முகவரிப் பட்டியலிலும் இரண்டிலும் வர வேண்டும்.

உங்கள் பட்டியல், இப்போதைய வீட்டிலிருந்து பின்னோக்கி, இப்படி அமையும்:

2024 ஏப்ரல் 3 முதல் விண்ணப்ப நாள் வரை: கிச்சனர்
2024 மார்ச் 20 முதல் ஏப்ரல் 3 வரை: ?
2023 அக்டோபர் 14 முதல் 2024 மார்ச் 20 வரை: காங்கேயம் தோட்டத்து வீடு
2023 ஜனவரி 15 முதல் அக்டோபர் 14 வரை: தனி வீடு
2022 நவம்பர் 1 முதல் 2023 ஜனவரி 15 வரை: மிசிசாகா, சிநேகிதன் வீடு
2021 ஏப்ரல் 15 முதல் 2022 அக்டோபர் 31 வரை: பிராம்ப்டன் பேஸ்மெண்ட்

இரண்டாவது வரியைப் பாருங்கள். நீங்கள் கேள்வியில் சொல்லாமல் விட்ட 14 இரவுகள் அங்கே இருக்கின்றன. பெரிய இடைவெளிகளை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். இந்த மாதிரிச் சின்ன இடைவெளியாலும் விண்ணப்பம் திரும்பி வரலாம். ஊரிலிருந்து திரும்பி, புது வீட்டுச் சாவி கைக்கு வரும் வரை மோட்டலிலோ ஏர்பிஎன்பி அறையிலோ உறவினர் வீட்டிலோ தங்கியிருப்பீர்கள். அந்த இடத்தின் தெரு எண், ஊர், அஞ்சல் குறியீட்டை அப்படியே எழுதுங்கள். பதிவு செய்த ரசீது உங்கள் மின்னஞ்சலில் கிடக்கும்.

ஒரு வரி முடியும் நாளும் அடுத்த வரி தொடங்கும் நாளும் ஒன்றாகவோ அடுத்தடுத்தோ இருக்க வேண்டும். மாதம் மட்டும் கேட்கும் கட்டத்தில், ஒரே மாதம் இரண்டு வரிகளிலும் வந்தால் தவறில்லை. நடுவில் ஒரு மாதம் காணாமல் போவதுதான் தவறு.

தேதிகளைத் தேடி எடுப்பது

நினைவை நம்பி எழுதாதீர்கள். பேஸ்மெண்டுக்கு மாதாமாதம் இ-டிரான்ஸ்ஃபரில் (வங்கிக் கணக்கு வழியாக) வாடகை அனுப்பியிருந்தால் அதுவே போதுமான தடயம். பேங்க் ஸ்டேட்மெண்ட்டில் வீட்டுக்காரர் பெயரைப் போட்டுத் தேடினால், ஒன்றாம் தேதியோ இரண்டாம் தேதியோ அதே தொகை வரிசையாக வரும். அந்த வரிசை எந்த மாதத்தில் நிற்கிறதோ அதுதான் நீங்கள் காலி செய்த மாதம். பணமாகக் கொடுத்திருந்தால், சம்பளம் ஏறிய மறுநாள் ஏடிஎம்மில் எடுத்த தொகையைப் பாருங்கள்.

அடுத்தது கனடா வருவாய் முகமை ஆண்டுதோறும் அனுப்பும் வரி மதிப்பீட்டு அறிவிப்பு. அன்றைக்கு உங்கள் கணக்கில் இருந்த முகவரி அதில் அச்சாகியிருக்கும். ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் கடன் அறிக்கைகளில் பழைய முகவரிகள் பட்டியலாகவே இருக்கும். அமேசானில் வாங்கிய பொருட்கள் எந்த முகவரிக்கு வந்தன என்பதும் உதவும். ஒன்டாரியோவில் வீடு மாறிய 6 நாட்களுக்குள் ஓட்டுநர் உரிமத்தில் முகவரியை மாற்ற வேண்டும் என்று விதி இருப்பதால், முறையாக மாற்றியவர்களுக்கு அந்தத் தேதியும் கைகொடுக்கும்.

இவற்றைவிட முக்கியமான ஒரு தாளைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். பி.ஆர். விண்ணப்பத்திலும் 10 ஆண்டு முகவரி வரலாற்றைக் கொடுத்திருப்பீர்கள். அது குடிவரவுத் துறையின் கோப்பில் இருக்கிறது. உங்களுக்கு 2023 மே மாதம் பி.ஆர். கிடைத்திருக்கிறது, மிசிசாகாவில் ஹாலில் படுத்திருந்த நாட்களில்தான் அந்த விண்ணப்பத்தை நிரப்பினீர்களோ என்னவோ. அப்போது பேஸ்மெண்ட் முகவரியையே "இப்போது வரை" என்று போட்டிருந்தால், இன்று எழுதும் உண்மையோடு அது ஒத்துப்போகாது. அதற்காக இன்றும் அதே தவறை எழுத வேண்டாம். சரியானதை எழுதி, விளக்கக் கடிதத்தில் அந்த வேறுபாட்டை நீங்களே சொல்லிவிடுங்கள். அவர்கள் கண்டுபிடித்துக் கேட்டு நீங்கள் பதில் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல். நகல் கையில் இல்லையென்றால், தனியுரிமைச் சட்டப்படி உங்கள் கோப்பைக் கேட்டு வாங்கலாம், கட்டணம் கிடையாது. எல்லைச் சேவை நிறுவனத்திடம் உங்கள் பயண வரலாற்றையும் அதே முறையில் கேளுங்கள். கனடாவில் இறங்கும்போது இயந்திரத்தில் பதிந்து வெளியே வருவோருக்குப் பாஸ்போர்ட்டில் முத்திரை விழாமல் போவது உண்டு என்பதால், இந்த அறிக்கை இல்லாமல் பயணத் தேதிகளை எழுதுவது ஆபத்து.

பயணத் தேதியில் இன்னொரு பொறி உண்டு. நீங்கள் "மார்ச் 20-ல திரும்பிட்டேன்" என்கிறீர்கள். அது ஊரில் வீட்டை விட்டுக் கிளம்பிய தேதியா, டொரண்டோவில் இறங்கிய தேதியா? சென்னை போய் ஏறினாலும் கொச்சி போய் ஏறினாலும் இடையில் ஒரு நாள் கூடும் குறையும். கணக்கீட்டுக்கு வேண்டியவை கனடாவை விட்டுக் கிளம்பிய நாளும், கனடாவில் கால் வைத்த நாளும் மட்டுமே. இந்தியக் குடிவரவு முத்திரையைப் பார்த்து எழுதினால் ஒரு நாள் பிசகக்கூடும்.

காங்கேயம் முகவரியை எழுதும் விதம்

கொங்கு நாட்டில் தோட்டத்துச் சாளையில் குடியிருப்போருக்குத் தெருப் பெயரும் கதவு எண்ணும் இருக்காது. தோட்டத்தின் பெயர், ஊர், அஞ்சல், வட்டம், மாவட்டம், பின்கோடு, அவ்வளவுதான். கட்டத்தில் தெரு எண் கேட்கிறதே என்று இல்லாத எண்ணைப் போடாதீர்கள். தெருவுக்கான கட்டத்தில் தோட்டத்தின் பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுதுங்கள். எண் போடாமல் அடுத்த கட்டத்துக்கு நகர முடியவில்லை என்றால் மட்டும் 0 என்று போட்டு, காரணத்தை விளக்கக் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டு பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் உள்ளபடியே இருக்கட்டும். பி.ஆர். விண்ணப்பத்தில் ஒரு விதம், இதில் ஒரு விதம் என்றிருந்தால் பார்ப்பவருக்கு இரண்டு வீடாகத் தெரியும்.

மாவட்டப் பெயரும் சிக்கல் கொடுக்கும். காங்கேயமும் தாராபுரமும் 2009-ல் திருப்பூர் மாவட்டம் பிறக்கும் வரை ஈரோடு மாவட்டத்தில் இருந்தவை; அவிநாசி, பல்லடம், உடுமலை கோவை மாவட்டத்தில் இருந்தவை. ஆகவே பிறப்புச் சான்றில் ஈரோடு என்றும் இன்றைய ஆதாரில் திருப்பூர் என்றும் இருப்பது இயல்பு. பிறப்புச் சான்றைத் திருத்த அலைய வேண்டியதில்லை. பிறந்த இடத்தைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதி, முகவரியில் இன்றைய மாவட்டத்தைப் போடுங்கள்.

கடந்த 4 ஆண்டுகளுக்குள் வேறொரு நாட்டில் தொடர்ந்து 183 நாட்கள் அல்லது அதற்கு மேல் இருந்திருந்தால் அந்த நாட்டின் போலீஸ் நன்னடத்தைச் சான்று வேண்டும். உங்களுடையது 157 நாட்கள், எனவே தேவையில்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ள இன்னொரு மாதம் இருந்திருந்தால் தேவைப்பட்டிருக்கும்.

வேலை வரலாற்றுப் பட்டியலும் இதே மாதிரி இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். அந்த 157 நாட்களும் சம்பளமில்லா விடுப்பு என்றால் நிறுவனத்தின் வரி அப்படியே தொடரும். வேலையை விட்டுவிட்டு வந்திருந்தால் "வேலையில் இல்லை" என்று தனி வரியாக, ஊர் காங்கேயம் என்று எழுதுங்கள். முகவரி, வேலை, பயணம் மூன்றையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதி, ஒவ்வொரு மாதத்தையும் விரல் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

விளக்கக் கடிதம் அரைப் பக்கத்தைத் தாண்டக் கூடாது. "2022 நவம்பர் 1 முதல் 2023 ஜனவரி 15 வரை நண்பர் வீட்டில் தற்காலிகமாகத் தங்கினேன், என் பெயரில் வாடகை ஒப்பந்தம் இல்லை. 2023 அக்டோபர் 14 முதல் 2024 மார்ச் 20 வரை தந்தையின் இருதய அறுவைச் சிகிச்சைக்காக இந்தியாவில் பெற்றோர் வீட்டில் இருந்தேன்" என்ற அளவில் ஆங்கிலத்தில் எழுதினால் போதும். மருத்துவமனைக் கதை முழுவதையும் கொட்ட வேண்டாம். லீஸ், பேங்க் ஸ்டேட்மெண்ட் எதையும் இப்போது இணைக்காதீர்கள், அவர்கள் கேட்கவில்லை. வசிப்பிட வினாப் பட்டியல் என்று சிஐடி 0171 படிவம் பின்னால் வந்தால் அப்போது தேவைப்படும். அதற்காகச் சிநேகிதனிடம் தேதிகளோடு ஒரு கடிதம் இப்போதே வாங்கி வையுங்கள். அம்மாவிடம் சொல்லி, கோவை மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பேஸ்மெண்ட் வீட்டுக்காரர் எழுதித் தர மறுத்தால் வற்புறுத்த வேண்டியதில்லை, இ-டிரான்ஸ்ஃபர் வரிசை அந்த இடத்தை நிரப்பும்.

ஒருவேளை ஏப்ரல் 15-ந்தேதி அனுப்ப முடியாமல் மே மாதத்துக்குத் தள்ளிப்போனால், 5 ஆண்டு என்ற சாளரமும் கூடவே நகரும். இருந்த நாள் கணக்கை மறுபடி போட்டு, முகவரி, வேலை இரண்டிலும் கடைசி வரி அனுப்பும் நாள் வரை நீள்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அனுப்பிய பிறகு கிச்சனர் வீட்டை மாற்றினால், புது முகவரியை உடனே குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தேர்வுக்கும் சத்தியப் பிரமாணத்துக்கும் வரும் அழைப்பு பழைய முகவரியில் கிடந்துவிடக் கூடாது.