பின் ஸ்பீக்கர் இரண்டுக்கும் ஒரே வருத்தமா?

கேள்வி: என்னிடம் 1991ஆம் ஆண்டு கோர்வெட் கார் ஒன்று இருக்கிறது. கோடையில் மட்டும்தான் வெளியே எடுப்பேன். அதோடு வந்த டெல்கோ-போஸ் றேடியோ இன்னும் பாடுகிறது. பின்பக்க ஸ்பீக்கர் இரண்டும்தான் போய்விட்டன. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் முழங்கும்போது இடது ஸ்பீக்கர் கர்ரென்று அதிர்கிறது. அதன் ஓரத்து நுரை தொட்டாலே பொடியாக உதிர்கிறது. வலது ஸ்பீக்கரோ, சத்தத்தை முழுக்கக் குறைத்த பிறகும் பொரிந்துகொண்டே இருக்கிறது. இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டு 4 ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கர் பூட்டினால் சரி என்கிறார் கடைக்காரர். செய்யலாமா ஐயா?
- வாசகர், ஸ்காபரோ

பதில்: தம்பி, காசை இப்போதைக்குப் பொக்கற்றிலேயே வைத்திருங்கள். நீங்கள் எழுதியிருப்பது இரண்டு வேறு வருத்தம். ஒரே மருந்து கொடுத்தால் ஒன்றுக்கும் கேட்காது.

வலதுபக்கத்தை முதலில் பார்ப்போம். சத்தத்தைக் குறைத்த பிறகும் பொரிகிறது என்றால் அந்த ஒலி றேடியோவிலிருந்து வரவில்லை, அதற்குப் பிறகு எங்கோ பிறக்கிறது. இந்தக் காரில் நான்கு ஸ்பீக்கருக்கும் தனித்தனிப் பெட்டி. ஒவ்வொரு பெட்டியிலும் தனி அம்பிளிபயர். றேடியோ அனுப்புவது சின்ன சிக்னல்தான். அந்த அம்பிளிபயர் பலகையில் இருக்கும் எலெக்ட்ரோலிற்றிக் கப்பாசிற்றர்கள், அதாவது மின்னைச் சேர்த்து வைக்கும் சின்ன உருளைகள், வயது போனதும் கசியும். கசிந்த திரவம் பலகையில் பரவிச் செம்புக் கோடுகளைத் தின்னும். டெல்கோ-போஸ் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் பழகிய கதை இது. அங்கே புது ஸ்பீக்கரைப் பூட்டினால், அது இன்னும் தெளிவாகப் பொரியும், அவ்வளவுதான்.

பலகையைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் வடிவாகத் துடைத்து, கப்பாசிற்றர்களை மாற்றவேண்டும். மைக்ரோஃபரட் அளவு அதேதான் இருக்கவேண்டும். வோல்ற் அளவு அதுவோ அதைவிடக் கூடவோ இருக்கலாம். 105 பாகை தாங்கும் வகையாக வாங்குங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும். பற்றவைக்கத் தெரியாவிட்டால் பலகையை மட்டும் கழற்றி றேடியோ திருத்துபவரிடம் கொடுங்கள்.

இடதுபக்கம் வெறும் நுரைப் பிரச்சினை. பொலியூரித்தேன் நுரை காற்றின் ஈரத்திலும் வெயிலிலும் தானாகவே உக்கும், கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும். உங்கள் காரின் பின்கண்ணாடியோ பெரிது, வெயில் தாராளமாக உள்ளே விழும். ஸ்பீக்கரில் அதிரும் கூம்பின் இரண்டு பக்கமும் விரலை வைத்து மெதுவாக, நேராக அமத்திப் பாருங்கள். உள்ளே உரசும் சத்தம் கேட்டால், கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள் பழுது. அந்த ஸ்பீக்கரை மறந்துவிடலாம். உரசாவிட்டால் பழைய நுரையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது நுரை ஒட்டலாம். பசை காய்வதற்குள் 30 ஹேர்ட்ஸ் ஒலியை மெல்லியதாக விட்டால் கூம்பு நடுவில் நிற்கிறதா என்பது காதுக்கே தெரியும். பிறகு ஒரு நாள் தொடாமல் வையுங்கள். பொறுமை இல்லாமல் அன்றிரவே பாட்டுக் கேட்பவர்களுக்கு நான் பொறுப்பில்லை.

அந்த 4 ஓம் யோசனைக்கு வருகிறேன். போஸ் ஸ்பீக்கரை மீற்றரில் அளந்து பாருங்கள், 4-ஐ விட மிகக் குறைவாகக் காட்டும். அதற்கென்றே செய்த அம்பிளிபயரில் 4 ஓம் ஸ்பீக்கரைக் கொழுவினால் எரியாது, ஆனால் சத்தம் சுருங்கிப்போகும். தொனிகளைக் கூட்டிக் குறைத்திருப்பதும் அந்தக் கூம்புக்கும் அந்தப் பெட்டிக்கும்தான். இதைத் தலைகீழாகச் செய்வது இன்னும் மோசம்: போஸ் ஸ்பீக்கரை அப்படியே விட்டு, புது றேடியோவின் ஸ்பீக்கர் வயரை அதில் நேரே கொடுத்தால் றேடியோ சூடாகிச் சாகும். ஆகவே, ஒன்றில் உள்ளதைத் திருத்துங்கள். அல்லது றேடியோ, அம்பிளிபயர், வயர், நான்கு ஸ்பீக்கர் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பாதிப் பாதி வேண்டாம். என்னைக் கேட்டால் திருத்தச் சொல்வேன். பழைய கோர்வெட் வாங்க வருபவர் கதவைத் திறந்ததும் பார்ப்பது அந்த றேடியோவைத்தான். அதோடு, கூரையைக் கழற்றிவிட்டு 401 நெடுஞ்சாலையில் போகும்போது டயரின் சத்தத்துக்கு மேலால் எந்த ஸ்பீக்கர்தான் கேட்கப்போகிறது?

வேலை தொடங்கமுன் இரண்டு விஷயம். பற்றரியைக் கழற்றினால் சில றேடியோக்கள் திருட்டுத் தடுப்பு எண்ணைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். அது இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். மற்றது, இந்தக் காரின் உடம்பு ஃபைபர் கிளாஸ். வேறு கார்களில் செய்வதுபோல் கண்ட ஆணியில் எர்த் எடுக்க முடியாது. பெட்டிக்கு வரும் எர்த் வயரையே பாவியுங்கள்.

கேள்வி: 1990 மாஸ்டா மியாட்டா வைத்திருக்கிறேன். சீற்றின் தலைப்பகுதிக்குள் இருக்கும் ஸ்பீக்கர்களில் ஒன்று விட்டுவிட்டுப் பாடுகிறது. பெரிதாகப் போடலாமா?
- வாசகி, மார்க்கம்

பதில்: இடமில்லை பிள்ளை. அது காதருகே மெல்லிய தொனி கேட்க வைத்தது, பேஸுக்கு அல்ல. விட்டுவிட்டுப் பாடுவதென்றால் ஸ்பீக்கரைச் சந்தேகிக்கமுன் சீற்றுக்குக் கீழே கையை விடுங்கள். சீற்றை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி அந்த வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கும், அல்லது பிளக் இளகியிருக்கும். சீற்றை நகர்த்தும்போது பாட்டு வந்து போனால் அதுதான்.

கேள்வி: ஸ்பீக்கரைச் சோதிக்க 9 வோல்ற் பற்றரி பாவிக்கலாமா?
- வாசகர், மொன்றியல்

பதில்: றிமோட்டில் போடும் 1.5 வோல்ற் பற்றரி போதும். ஒரு கணம் தொட்டு எடுங்கள், அமத்திப் பிடிக்கவேண்டாம். பிளஸில் பிளஸைத் தொட்டால் கூம்பு வெளியே வரவேண்டும். இடது, வலது இரண்டில் ஒன்று நேராகவும் மற்றது மாறியும் பூட்டியிருந்தால் பேஸ் காணாமல் போகும். நல்ல ஸ்பீக்கரைப் பழுதென்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். போஸ் பெட்டியென்றால் அம்பிளிபயரின் வயரில் பற்றரியைத் தொடாதீர்கள், ஸ்பீக்கரைக் கழற்றி அதன் முனைகளில் தொடுங்கள்.