துதி பாடவா கூடுகிறார்கள்?

கேள்வி: நெப்போலியனின் போர்கள், காலம், கலாசாரம் என்று தலைப்புப் போட்டு வெளிநாட்டுப் பேராசிரியர்கள் அடிக்கடி கூடிப் பேசுகிறார்களே, செத்து 200 வருடம் தாண்டிய ஒரு சர்வாதிகாரிக்கு இவ்வளவு துதியா? போருக்கும் கலாசாரத்துக்கும் என்ன சம்பந்தம்? நமக்கும் இதற்கும்தான் என்ன சம்பந்தம்?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: துதி பாட அடுத்தவர் தேவைப்படாத மனிதர் அவர். அந்த வேலையைத் தானே கச்சிதமாக முடித்துவிட்டுத்தான் 1821ல் செயின்ட் ஹெலினா தீவில் கண்ணை மூடினார். பேராசிரியர்கள் கூடுவது பெரும்பாலும் அவர் கட்டிவைத்ததைப் பிரித்துப் பார்க்கத்தான்.

போர்க்களத்திலிருந்து அவர் அனுப்பிய அறிக்கைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ‘அறிக்கை மாதிரிப் பொய் சொல்கிறான்’ என்று அவருடைய சிப்பாய்களே கிண்டலடிக்கிற அளவுக்கு அவை பிரசித்தம். 1812ல் ரஷ்யாவுக்குள் சுமார் 6 லட்சம் பேரைக் கூட்டிக்கொண்டு போனார். உருப்படியாகத் திரும்பியது ஒரு சிறு பகுதி. அந்த டிசம்பரில் வந்த 29ஆம் அறிக்கை, பேரழிவை ஒருவழியாக ஒப்புக்கொண்டது. அதன் கடைசி வரி என்ன தெரியுமா? மாட்சிமை பொருந்திய சக்கரவர்த்தியின் உடல்நலம் இவ்வளவு நன்றாக ஒருபோதும் இருந்ததில்லை என்பது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் படித்த அறிக்கை அது.

ஓவியங்களும் அப்படியே. முன்னங்கால் தூக்கிய குதிரையில் ஆல்ப்ஸ் மலையைக் கடக்கிறாரே, டேவிட் வரைந்த அந்தப் படம்? நிஜத்தில் ஒரு கோவேறு கழுதை மேல் உட்கார்ந்து போனார். 1804 முடிசூட்டு விழாவுக்கு அவருடைய தாயார் லெத்தீசியா வரவே இல்லை. டேவிட்டின் படத்திலோ நட்டநடுவே அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்புறம் கடிதங்கள். தம்பி மகன் மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் 32 தொகுதிகளாக அச்சிட்டார்கள், பெரியப்பாவின் பேரைக் கெடுக்கும் பலவற்றை ஒதுக்கிவிட்டு. ஒதுக்கியதையும் சேர்த்து 40,000க்கு மேற்பட்ட கடிதங்கள் 15 தொகுதிகளாக வெளிவந்து முடிந்தது 2018ல்தான். பேச என்ன இருக்கிறது என்பவர்களுக்கு இது போதாதா?

போதாது என்றால் லித்துவேனியாவுக்குப் போகலாம். 2001ல் வில்னியஸ் நகரில் கட்டுமானத்துக்காகத் தோண்டியபோது, ரஷ்யாவிலிருந்து பின்வாங்கும் வழியில் செத்த சிப்பாய்களின் எலும்புகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. 2006ல் வந்த ஆய்வு அவற்றில் டைஃபஸ் காய்ச்சலின் தடயத்தைக் கண்டது. 2025ல் வேறு சிலருடைய பற்களை ஆராய்ந்தவர்கள், பாராடைஃபாய்டு கிருமியையும் பேன் மூலம் பரவும் காய்ச்சல் கிருமியையும் கண்டுபிடித்தார்கள். குளிர்தான் கொன்றது என்ற பழைய கதை இப்போது அவ்வளவு எளிதாக நிற்பதில்லை.

கலாசாரத்துக்கு வருவோம். போருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று வெனிஸ்காரர்களைக் கேளுங்கள். ஒரு மடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்த வெரோனீஸ் வரைந்த, பைபிளில் வரும் கானா ஊர்க் கல்யாண விருந்து ஓவியத்தை 1797ல் பிரெஞ்சுப் படை பாரிஸுக்கு எடுத்துப்போனது. தேவாலய முகப்பிலிருந்த வெண்கலக் குதிரைகளும் போயின. குதிரைகள் 1815ல் திரும்பிவிட்டன. ஓவியம் இன்றுவரை லூவர் அருங்காட்சியகத்தில், மோனலிசாவுக்கு எதிர்ச்சுவரில். 1798ல் எகிப்துக்குப் படையோடு 150க்கு மேற்பட்ட அறிஞர்களையும் கப்பலேற்றினார். கோட்டையைச் செப்பனிட்ட சிப்பாய்களிடம் பழைய எகிப்திய எழுத்து பொறித்த ரொசெட்டா கல் அகப்பட்டது. 1801ல் பிரெஞ்சுப் படை தோற்றதும் அதை ஆங்கிலேயர் கொண்டுபோனார்கள். கொள்ளையடித்தவனிடமே கொள்ளை! அதிலிருந்த எழுத்தை ஷம்போலியோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1822ல் படித்துவிட்டார், அது வேறு.

ஒரு குறையை மட்டும் உங்களோடு சேர்ந்து நானும் சொல்வேன். பீரங்கி, தொப்பி, பொத்தான் என்று ரசிகர் மன்றம் மாதிரி நடக்கும் கூட்டங்களும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சி 1794ல் ஒழித்த அடிமை முறையை 1802ல் மறுபடி கொண்டுவந்தவர் இவர். அதை எதிர்த்த கறுப்பினத் தலைவர் துசான் லூவெர்த்தூர் பிரெஞ்சு மலைக்கோட்டை ஒன்றில் சிறைப்பட்டுச் செத்தார். அவருடைய மக்கள், பிரெஞ்சுப் படையை விரட்டி 1804ல் ஹைட்டி என்ற நாட்டையே உண்டாக்கினார்கள். 2021ல் 200ஆம் நினைவு நாளில் அதிபர் மக்ரோன்கூட அடிமை முறையை மீட்டது தவறு என்று சொல்லவேண்டி வந்தது. அதைத் தொடாமல் வாட்டர்லூவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும் மாநாட்டுக்கு உங்கள் கோபம் பொருந்தும்.

நமக்கென்ன என்கிறீர்கள். கெய்ரோவிலிருந்து நெப்போலியன் திப்பு சுல்தானுக்கு 1799 ஜனவரியில் கடிதம் எழுதினார். அது ஆங்கிலேயர் கையில் சிக்கியது. மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. அந்த முற்றுகையில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லிதான் பின்னாளில் வாட்டர்லூவில் அவரை வென்ற வெலிங்டன். குன்னூருக்குப் பக்கத்து வெலிங்டன் அவர் பேரில்தான். சரி, அதைப் பழங்கதை என்று தள்ளுங்கள். புதுச்சேரியில் 1881 ஆணைப்படி தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களின் வாரிசுகள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுச் சொத்து, வாரிசுரிமை வழக்குகளுக்கு அடிப்படை இன்றும் 1804ல் நெப்போலியன் கொண்டுவந்த சிவில் சட்டம். பெண்டாட்டி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எழுதிவைத்த சட்டமும் அதுதான்; அந்த வரியை பிரான்ஸே 1938ல்தான் எடுத்தது. அதைப் பற்றி மாநாட்டில் ஒருவர் கட்டுரை படித்தால், முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டியவர்கள் புதுச்சேரிக்காரர்கள்.